திறந்த பாட்டிலுக்குப் பணம் திரும்பக் கேட்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி முன்னால் வைத்துக்கொள்கிறேன். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக 1,150 ரூபாய் கொடுத்து ஒரு ஃபவுண்டேஷன் வாங்கினீர்கள். கடையில் போட்டுப் பார்க்க டெஸ்டர் இல்லை. விற்பனைப் பெண் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இந்த ஷேடுதான்" என்று ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் பகல் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்தால் முகம் சாம்பல் பூத்ததுபோல இருந்தது. சந்தேகம் தீர மறுநாளும் ஒருமுறை போட்டீர்கள். மூன்றாம் நாள் பில்லோடு போனபோது, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்த வரியைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் தோழியோ, போட்டுப் பார்த்த லிப்ஸ்டிக்கைக்கூடக் கடையில் கொடுத்துப் பணம் வாங்கிவிடுவதாகச் சொல்கிறார். பயன்படுத்திய பொருளைத் திருப்பித் தர நினைத்தது என் தவறா, மறுத்தது கடையின் தவறா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. கடைதான் உங்களிடம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை. ஆனால் சட்டம் முழுதாக உங்கள் பக்கம் என்று சொல்லி உங்களை அலையவிட மாட்டேன். நியாயம் ஓரிடத்திலும் சட்டம் அதிலிருந்து சற்றுத் தள்ளியும் நிற்கிற விவகாரம் இது.

இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் நான். எங்கள் குடும்பம் திருச்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேன்சி ஸ்டோர் நடத்தியது. பொட்டு, வளையல், கண் மை, பவுடர் எனத் தொடங்கி, பிற்பாடு கம்பெனி லிப்ஸ்டிக், கிரீம் வரை விற்றோம். கடையை மூடிய பிறகு, நுகர்வோர் குழு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். இந்தச் சண்டையில் கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒரே முடிச்சில் மாட்டிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். பணத்தைத் திருப்பித் தருவது ஒரு கேள்வி, பொருளைத் திரும்ப விற்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

"ஒருவர் முகத்தில் பட்டதை நாங்கள் எப்படி வாங்குவது, சுகாதாரம் என்ன ஆவது?" என்று கடைக்காரர் கேட்கிறார். அந்தக் கவலை உண்மையானது. இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மக்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த மஸ்காரா, லிப் கிளாஸ், மேக்கப் ஸ்பாஞ்சு போன்றவற்றைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பொருள்களில் ஈ.கோலை, ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் இருந்தன. கண்ணிலும் உதட்டிலும் படுகிற பொருளை இன்னொருவருக்கு விற்பது குற்றத்துக்குச் சமம் என்பதே என் எண்ணம். ஆனால் கவனியுங்கள்: சுகாதாரம் என்பது அந்தப் பொருளை மறுபடி அலமாரியில் வைக்காமல் இருப்பதற்கான காரணம். பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பதற்கு அது எப்படிக் காரணமாகும்?

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண் காஜல் குச்சி ஒன்றை வாங்கிப்போய், மறுநாளே கண் எரிகிறது என்று கொண்டுவந்தார். அம்மா பணத்தைக் கொடுத்தார். பிறகு குச்சியை முழுதாகத் திருகி வெளியே எடுத்து, வேலை செய்த இரண்டு பெண்களும் பார்க்க உடைத்துக் குப்பையில் போட்டார். அப்படியே வைத்திருந்தால் அவசரத்தில் யாராவது துடைத்துத் தட்டில் வைத்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பணமும் போயிற்று, பொருளும் போயிற்று. நேர்மையாகத் திருப்பி வாங்குகிற கடைக்கு ஆகிற செலவு இதுதான்.

அந்தச் செலவையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் கடைக்காரர்கள் எல்லோரும் கல்நெஞ்சர்கள் அல்லர். நூறு ரூபாய்க்குப் பதினைந்து ரூபாய் லாபம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய் பாட்டில் ஒன்றைக் குப்பையில் போட்டால் கொள்முதல் விலை 425 ரூபாய் நஷ்டம். ஒரு பாட்டிலுக்கு 75 ரூபாய் கிடைக்கும் என்றால், அதை ஈடுகட்ட இன்னும் ஆறு பாட்டில் விற்றாக வேண்டும். காலாவதியான சரக்கையும் உடைந்து வந்த சரக்கையும் ஏஜென்சிக்காரர்கள் எங்களிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அதுவும் பலமுறை கேட்ட பிறகு. வாடிக்கையாளர் திறந்து பார்த்த பாட்டிலை ஒருநாளும் எடுத்ததில்லை. ஆக, கம்பெனி செய்த தவறுக்கும் சிறு கடைக்காரர் கையிலிருந்துதான் பணம் போகிறது. பில்லின் அடியில் அந்த வரி அச்சாவதற்குப் பாதிக் காரணம் இது.

மறுபாதிக் காரணத்தையும் மறைக்கக் கூடாது. முகூர்த்த மாதங்களில் வெள்ளிக்கிழமை வாங்கிப்போய், ஞாயிறு ரிசப்ஷன் முடிந்து, திங்கட்கிழமை "பிடிக்கவில்லை" என்று கொண்டுவருகிறவர்களை நான் கல்லாவில் இருந்து பார்த்திருக்கிறேன். ஐலைனரில் பாதி தீர்ந்திருக்கும். அது திருட்டுதான், வேறு பெயர் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவில் எல்.எல்.பீன் என்ற கடை, 1912இல் தான் விற்ற முதல் நூறு ஜோடிக் காலணிகளில் தொண்ணூறு பழுதாகித் திரும்பி வந்தபோது அத்தனை பேருக்கும் பணத்தைக் கொடுத்துப் பெயர் எடுத்தது. எத்தனை ஆண்டு கழித்தும் திருப்பித் தரலாம் என்ற வழக்கம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. பழைய பொருள் சந்தையில் வாங்கியதையெல்லாம் சிலர் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார்கள். ஐந்தாண்டுகளில் 25 கோடி டாலர் இழந்ததாகச் சொல்லி, 2018இல் அந்தக் கடை ஓராண்டு வரம்பும் ரசீதும் கட்டாயம் என்று மாற்றிவிட்டது. சிலர் செய்த அக்கிரமத்துக்கு நேர்மையான வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் விலை கொடுத்தார்கள்.

உங்கள் தோழி சொன்னதும் இந்த வகைதான். அமெரிக்காவில் செஃபோரா போன்ற அழகுப் பொருள் கடைகள் ஓரளவு பயன்படுத்திய பொருளையும் வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அது அங்குள்ள சட்டம் கொடுத்த உரிமை என்று நினைக்காதீர்கள். மனம் மாறியதற்காகப் பணம் திருப்பித் தர வேண்டும் என்று கடைகளைக் கட்டாயப்படுத்தும் பொதுச் சட்டம் அமெரிக்காவில் இல்லை. கலிபோர்னியா மாநிலம், திருப்பி வாங்காத கடை அதை வாங்குபவர் கண்ணில் படும்படி முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம் என்கிறது. அவ்வளவுதான். தாராளமாக இருப்பது அந்தக் கடைகளின் வியாபார முடிவு. தைரியமாக வாங்கச் செய்வதற்கான வழி அது. அந்தத் தாராளத்தையும் செஃபோரா 2023இல் அறுபது நாளிலிருந்து முப்பது நாளாகச் சுருக்கியது. ஐரோப்பாவில் இணையத்தில் வாங்கியதற்குப் பதினான்கு நாள் அவகாசம் சட்டப்படியே உண்டு. ஆனால் சுகாதாரம் கருதி சீல் வைத்த பொருளை வாங்கியவர் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். இதை எதுவரை நீட்டலாம் என்று ஒரு வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. மேலுறை பிரித்த மெத்தை பற்றியது. மெத்தையைச் சுத்தம் செய்து மறுபடி விற்க முடியும், ஆகவே திருப்பித் தரலாம் என்று 2019இல் தீர்ப்பானது. லிப்ஸ்டிக்கை அப்படிச் சுத்தம் செய்ய முடியாது. சட்டம் அங்கேயும் பொருளை மறுபடி விற்க முடியுமா என்றுதான் பார்க்கிறது, வாங்கியவருக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்ததா என்று பார்ப்பதில்லை.

இதில்தான் எனக்கு மாறுபட்ட கருத்து. திறந்ததா, திறக்காததா என்று கேட்பதால் நியாயம் கிடைக்காது. திறக்காமலே இதைத் தெரிந்துகொள்ள வழி இருந்ததா என்று கேட்க வேண்டும். இருந்தும் நீங்கள் பார்க்காமல் வாங்கினால் செலவு உங்களுடையது. வழியே இல்லை என்றால், அந்த வழியைக் குறைந்த செலவில் செய்து தந்திருக்கக்கூடியவர் யாரோ அவருடையது.

உங்கள் விஷயத்தில் வைத்துப் பாருங்கள். ஃபவுண்டேஷன் நிறம் பெட்டியின் மேல் உள்ள எண்ணில் தெரியாது. கடையின் ட்யூப்லைட்டில் சரியாகத் தெரிவது வெயிலில் வேறாகத் தெரியும். மஞ்சள் ஓடிய மாநிறத்துக்கு, சிவப்பு ஓடிய ஷேடைப் போட்டால் அப்படியே சாம்பல் பூக்கும். இதற்குத்தான் டெஸ்டர். தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, வாசலில் போய் நின்று, அரைமணி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நூறு பாட்டில் விற்கும் கடைக்கு ஒரு பாட்டிலை அதற்கென ஒதுக்குவது பெரிய செலவல்ல, கம்பெனியிடம் கேட்டால் பல நேரம் இலவசமாகவே வரும். அதைச் செய்யாமல், "உங்களுக்கு இதுதான்" என்று எடுத்தும் கொடுத்துவிட்டு, பிறகு "நீங்கள் திறந்துவிட்டீர்களே" என்று சொல்வது அநியாயம். திறக்காமல் தெரிந்துகொள்ள உங்களுக்கு வேறு வழியே வைக்கவில்லையே!

இதே அளவுகோலை வாங்குபவருக்கு எதிராகவும் வைக்கிறேன். டெஸ்டரில் முகர்ந்து பார்த்து வாங்கிய சென்ட் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை என்றால் கடைக்கு அதில் பொறுப்பில்லை. ஹேர் டை பாக்கெட்டில், முதலில் சிறிது தடவிச் சோதித்துப் பாருங்கள், புருவத்திலும் இமையிலும் போடாதீர்கள் என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். பிபிடி என்ற சாயப்பொருள் உள்ள டைக்கு நம் நாட்டு விதிகளே அதைக் கட்டாயமாக்கியுள்ளன. சோதிக்காமல் தலை முழுதும் தேய்த்துவிட்டு அரிப்பு வந்தபின் பணம் கேட்டால், எனக்கு அனுதாபம் உண்டு, ஆனால் வாதாட மாட்டேன்.

இனி நம் ஊர்ச் சட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 2(47) பிரிவு, குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் சொன்ன காலத்துக்குள், எதுவும் சொல்லவில்லை என்றால் முப்பது நாளுக்குள் தர வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரி அந்தப் பொறுப்பிலிருந்து கடையைக் காப்பாற்றாது. இப்படி அச்சிடுவதைத் தடுக்கச் சொல்லி மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 1999இலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இன்னும் பில் புத்தகம் அச்சடிப்பவர்கள் பழக்கத்தில் அதைச் சேர்த்துவிடுகிறார்கள்.

எல்லாம் "குறைபாடு" என்ற சொல்லில் நிற்கிறது. தரம், அளவு, வீரியம், தூய்மை ஆகியவற்றில் உள்ள குறையையே சட்டம் அப்படிச் சொல்கிறது. எண்ணெய் பிரிந்து நிற்கிறது, சிக்கு வாடை அடிக்கிறது, காலாவதித் தேதியின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, உள் சீல் முன்பே கிழிந்திருந்தது, 30 மில்லி என்று போட்டு 22 மில்லி இருக்கிறது: இவை எல்லாம் குறைபாடு. இவற்றில் நீங்கள் நான்கு முறை பயன்படுத்தியிருந்தாலும் கேட்கலாம், ஏனென்றால் சில குறைகள் பயன்படுத்தினால்தான் தெரியும். ஆனால் ஷேடு பொருந்தாதது குறைபாடு அல்ல. பெட்டியில் போட்ட நிறம்தான் உள்ளே இருக்கிறது. மனம் மாறியதற்காகத் திருப்பித் தரும் பொது உரிமை நம் சட்டத்தில் இல்லை. அதனால்தான் சட்டம் சற்றுத் தள்ளி நிற்கிறது என்றேன்.

ஒரு சிறு பிடி இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில், எதற்காக வாங்குகிறேன் என்பதை விற்பவரிடம் சொல்லி, அவருடைய தேர்ச்சியை நம்பி ஒருவர் வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஓரளவு பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே ஒட்டிக்கொள்ளும். விற்பனைப் பெண் உங்கள் முகத்தைப் பார்த்துத் தேர்ந்து கொடுத்தது இதற்குள் வரும் என்று வாதிடலாம். ஆனால் குறிப்பிட்ட பிராண்டின் பெயரைச் சொல்லி நீங்களே கேட்டு வாங்கியிருந்தால் அந்தப் பிடி நழுவிவிடும், அதற்கும் அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. டெஸ்டரைக் காட்டி விற்று, உள்ளே வேறு மாதிரி இருந்தால் 17ஆம் பிரிவு உதவும், மாதிரியைக் காட்டி விற்றால் சரக்கு அதைப்போலவே இருக்க வேண்டும்.

இணையத்தில் வாங்கியிருந்தால் உங்கள் நிலை சற்று மேல். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், விளம்பரத்தில் காட்டிய தன்மை பொருளில் இல்லாவிட்டால், அது போலியாக இருந்தால், சொன்ன நாளுக்குத் தாமதமாக வந்தால்கூட விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. அழகுப் பொருள்கள் "திருப்ப முடியாதவை" என்று தளத்தில் எழுதி வைத்தாலும் இந்த விதி அதற்கு மேலானது. பார்சலைப் பிரிப்பதை விடாமல் வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்லி எங்கள் குழுவுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன். சீல் முதலிலேயே உடைந்திருந்தது என்பதை அது இல்லாமல் நிரூபிப்பது மிகக் கடினம்.

பயன்படுத்திய பொருள் என்ற பேச்சில் நான் மிகவும் அஞ்சுவது வேறொன்று. கிரீம் போட்டு முகம் வீங்கியது, தோல் உரிந்தது என்றால், 300 ரூபாய் திரும்பக் கிடைத்தால் போதும் என்று டப்பாவைக் கடையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கொடுக்காதீர்கள். அந்தப் பாதி டப்பாதான் உங்களிடம் உள்ள ஒரே சாட்சி. கேரளத்தில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில், சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு, அந்த நோயில் அரிதாகவே காணப்படும் ஓர் அடையாளம் சோதனையில் தெரிந்தது, அதில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். பாதரசம் கலந்த கிரீம்கள்மேல் சந்தேகம் விழுந்தது. நம் அழகுப் பொருள் விதிகள் அத்தகைய கிரீமில் பாதரசத்தைச் சேர்க்கவே அனுமதிப்பதில்லை, தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. டப்பா கையில் இருந்தால் சோதிக்கலாம். நுகர்வோர் ஆணையமே 38ஆம் பிரிவின்படி சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். கடையின் குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டால் யார் எதைச் சோதிப்பது? மூடியை இறுக மூடி, பேட்ச் எண்ணைப் படம் எடுத்து, தோல் மருத்துவரின் சீட்டையும் பில்லையும் சேர்த்து வையுங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமும் இல்லை.

நியாயமான முறை எப்படி இருக்கலாம் என்பதற்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. சரக்கைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைக் கடலூர் சின்னி கிருஷ்ணன் கொண்டுவந்த ஊர் இது. அவர் மகன் ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூ தொடங்கி பாக்கெட் ஷாம்பூவை ஊர் ஊராகக் கொண்டுபோனார். பாட்டில் வாங்க முடியாதவர்களுக்காக வந்தது அது. ஆனால் கூடவே ஒரு நன்மை விளைந்தது: பாக்கெட் வாங்கித் தலைக்குத் தேய்த்துப் பார்த்துவிட்டு, ஒத்துக்கொண்டால்தான் பாட்டில். அதனால் எங்கள் கடையில் ஷாம்பூவைத் திருப்ப ஒருவர்கூட வந்த நினைவில்லை. ஆயிரம் ரூபாய் ஃபவுண்டேஷனுக்கும் சீரத்துக்கும் இருபது ரூபாய் சிறு பாக்கெட் போடக் கம்பெனிகளால் முடியும். போட மாட்டோம் என்றால், முதல் பாட்டிலுக்கு ஒருமுறை மாற்றித் தரும் பொறுப்பைக் கம்பெனி ஏற்று, கடையிலிருந்து திறந்த பாட்டிலை எடுத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர் தலையில் அதைக் கட்டக் கூடாது.

இப்போது உங்கள் 1,150 ரூபாய். கடைக்கு மறுபடி போங்கள், ஆனால் அந்த விற்பனைப் பெண்ணிடம் கேட்காதீர்கள். சில கடைகளில் இப்படித் திரும்பும் பொருளின் விலையை அவர்கள் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், எங்களிடம் மனு எழுத வந்த பெண்களே அழுது சொல்லியிருக்கிறார்கள். மேலாளரையோ உரிமையாளரையோ கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் காட்டி, டெஸ்டர் இல்லாததையும் கடை ஆளே ஷேடு தேர்ந்ததையும் சொல்லி, பணம் வேண்டாம், சரியான ஷேடு மாற்றிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பணத்தைவிட மாற்றுக்குச் சம்மதிப்பது அவர்களுக்கு எளிது. மறுத்தால் கம்பெனிக்கு எழுதுங்கள். பொதியிடப்பட்ட பொருள் விதிகளின்படி, புகாருக்கான தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் பெட்டியில் இருந்தே ஆக வேண்டும். கடைக்கு 1,150 ரூபாயாகத் தெரிவது கம்பெனிக்கு அதில் சிறு பங்குதான். எனக்குத் தெரிந்து இப்படி எழுதியவர்களில் பலருக்கு வேறு ஷேடு வீடு தேடி வந்திருக்கிறது. பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ஷேடு பொருந்தாததற்காக மட்டும் ஆணையத்துக்குப் போக நான் சொல்ல மாட்டேன், ஜெயிப்பது உறுதியில்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, பேட்ச் எண் பெரும்பாலும் பாட்டிலின் அடியிலும் இருக்கும். அதைப் படம் எடுத்து, பில்லோடு சேர்த்து இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் அதற்குள் புது பாட்டில் வந்துவிடலாம்.